நுவரெலியா காண வருவோர்

வெப்பநாட்டில் வாழும் மக்களுக்குக் குளிர் ஒரு செல்வம் போன்றது. ஏப்ரல் மாதத்து வெயிலிலே கொழும்பு நகரின் தார்வீதிகள் கொதித்துக்கொண்டிருக்கும்பொழுது, ஏறத்தாழ நூற்றுப்பத்து மைலுக்கு அப்பால், கம்பளிச் சட்டை அணிந்து, கணப்படுப்பின் அருகே அமர்ந்து, ஆவி பறக்கும் தேநீரை அருந்தத்தக்க ஓர் ஊர் இருக்கிறதென்றால், அவ்வூரை நாடி மக்கள் செல்வதில் வியப்பில்லை. அவ்வூர் நுவரெலியா.

பூமத்திய ரேகையை அடுத்த நாடுகளில் இத்தகைய ஊர்கள் சிலவே உள. தென் அமெரிக்காவிலே ஈக்குவடோர் நாட்டின் தலைநகராகிய கீற்றோவும், கொலம்பியா நாட்டின் தலைநகராகிய பொகோட்டாவும் எட்டாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்தவை; அவ்வுயரமே அவற்றைக் காண வருவோரின் முதல் வியப்பு. தமிழ்நாட்டார்க்கு உதகமண்டலம் உண்டு. மலேசியத் தமிழர்க்குக் கமரன் மலை உண்டு. நுவரெலியா 6,128 அடி உயரத்தில் உள்ளது. சனவரி, பெப்ரவரி மாதங்களிலே சில இரவுகளில் உறைபனி இறங்கி, விடியற்காலையிற் புல்லின்மேல் உப்புத் தூவியதுபோற் படிந்திருக்கும். நுவரெலியா ஒருபோதும் நாட்டின் தலைநகராக இருந்ததில்லை. எனினும், ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் வெயிற்பருவம் வந்ததும் தேசாதிபதியும், அவரைத் தொடர்ந்து உத்தியோகத்தர்களும், அவர்களைத் தொடர்ந்து வணிகர்களும் இங்கே குடிபெயர்ந்தார்கள். ஆகவே, ஆண்டிற் சில வாரங்களேனும் அரசு இம்மலையுச்சியிலிருந்தே நடந்தது எனலாம்.

இவ்வூருக்கு வீதிவழியாகவும் செல்லலாம். ஆயினும் புகையிரதத்திற் செல்வதே சிறந்தது. கொழும்பிலிருந்து புறப்படும் வண்டி கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து, பேராதனை, கம்பளை வழியாக நாவலப்பிட்டியை அடையும்வரை காண்பன வயலும் தென்னையும் வெற்றிலைக் கொடியுமே. நாவலப்பிட்டிக்கு அப்பால் வண்டி உண்மையாகவே மலையேறத் தொடங்குகின்றது. நீராவி யந்திரக் காலத்தில் முன்னே இழுப்பதற்கு ஒரு யந்திரமும் பின்னே தள்ளுவதற்கு மற்றொரு யந்திரமுமாக வண்டி மூச்சுவாங்கிச் சென்றது. இத்தனை செங்குத்தான மலையிலே ஐந்தரை அடி அகலமுள்ள தண்டவாளம் இட்டிருப்பது, புகையிரதப் பாதைகளைக் கற்றவர்களுக்கு இன்றும் வியப்பளிப்பது. இலங்கையில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்றாகிய வட்டவளையைக் கடந்து, ரொசல்லையைக் கடந்து, வண்டி அட்டன் நகரை அடைகின்றது. அதற்கப்பால் சிங்கமலைச் சுரங்கம். பெட்டிக்குள் இருள் சூழ்கிறது, பிள்ளைகள் கூச்சலிடுகிறார்கள், சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்ததும் இருபுறமும் தேயிலை, மீண்டும் தேயிலை, கண்ணுக்கெட்டிய தூரம்வரை தேயிலையே. கொட்டகலை, தலவாக்கொல்லை, வட்டக்கொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதெல்லை என நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நானுஓயாவில் இறங்கி, இன்னும் ஐந்து மைல் வீதிவழியே சென்றால் நுவரெலியா. வண்டியில் எந்தப் பக்கம் அமர்வது நல்லது என்று பிரயாணிகள் வாதிடுவதுண்டு. வாசற்படியிற் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருப்பவருக்கு இருபக்கமும் ஒன்றே. ஆனால், பாறை விளிம்புகள் பாதையை ஒட்டி வரும் இடங்களில் அவ்வாறு அமர்வது பேதைமை.

தலவாக்கொல்லைக்கு அண்மையில் இரண்டு நீர்வீழ்ச்சிகள் உள்ளன. ஒன்று டெவன், மற்றொன்று செயின்ட் கிளையர். செயின்ட் கிளையர் நீர்வீழ்ச்சி முன்னாளில் இலங்கையின் சிறிய நயாகரா எனப் புகழப்பெற்றது. மேல் கொத்மலை மின்திட்டம் 2012 இல் இயங்கத் தொடங்கியபின், ஆற்றின் நீர் பெரும்பாலும் சுரங்கவழியே திருப்பப்படுவதால், அப்பழைய வேகம் இப்போது இல்லை. மின்விளக்கும் வேண்டும், நீர்வீழ்ச்சியும் வேண்டும் என்னும் வழக்கிலே மின்விளக்கே வென்றது.

இப்புகையிரதப் பாதை உல்லாசப் பிரயாணிகளுக்காக அமைக்கப்பட்டதன்று. கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே 1867 இல் வண்டி ஓடத் தொடங்கியது. 1874 இல் நாவலப்பிட்டியையும், 1884 இல் அட்டனையும், 1885 இல் நானுஓயாவையும் அடைந்தது. மலையில் விளைந்த கோப்பியையும், பின்னர்த் தேயிலையையும் துறைமுகத்திற்கு இறக்குவதும், அரிசியையும் ஆட்களையும் மலைக்கு ஏற்றுவதுமே அதன் நோக்கம். காட்சிக்காக இப்பாதையிற் செல்லும் இன்றைய பிரயாணி தேயிலைப் பெட்டி இறங்கிய வழியிலேதான் ஏறிச் செல்கிறார். 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா சூறாவளியின் பெருமழையில், இப்பாதையின் பல இடங்கள் மண்சரிவினாற் சிதைந்தன. நூற்றாண்டுக்கு மேலாக மழையையும் சரிவையும் எதிர்த்து நிற்கும் பாதை இது என்பதை அப்போது பலரும் உணர்ந்தனர்.

நகரத்தின் கதை சுருக்கமானது. 1819 இல் மருத்துவர் ஜோன் டேவி என்பவர் வேட்டைக்குச் சென்ற ஆங்கிலேயரிடமிருந்து இச்சமவெளியைப் பற்றிக் கேள்வியுற்று, அதனைப் பார்வையிட்டு எழுதினார். தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் இங்கே ஒரு மாளிகை கட்டினார்; அதுவே பிற்காலத்திற் பெரிய ஹோட்டலாயிற்று. 1840களின் பிற்பகுதியில் வந்த சாமுவேல் பேக்கர் இங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உருவாக்க முயன்றார். அவர் இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றிக் கொணர்ந்த வண்டியும் குதிரைகளும் இறம்பொடைக் கணவாயிற் பள்ளத்தில் வீழ்ந்தன. உயர்சாதிப் பசு வழியிலேயே மாண்டது. மீட்கச் சென்ற யானையையும் குதிரைக்காரன் ஓட்டியோட்டிச் சாகடித்தான். இவற்றையெல்லாம் தம் நூலிலே அவரே நகைச்சுவையோடு எழுதிவைத்திருக்கிறார். இவ்வளவுக்கும் பின்னும் அவர் சோர்ந்துவிடவில்லை. இன்று நுவரெலியா உருளைக்கிழங்கும் லீக்சும் கரட்டும் விளையும் ஊராக இருப்பதற்கு அவர் தொடக்கிவைத்த பயிர்ச்செய்கையும் ஒரு காரணம். வில்லியம் கிரகரி என்னும் தேசாதிபதி 1870களில் அமைத்ததே நகரின் நடுவிலுள்ள வாவி. குதிரைப் பந்தயமும், கோல்ப் விளையாட்டும், வெள்ளையர்க்கு மட்டுமே இடமளித்த கழகமும் அக்காலத்தில் வந்தவையே. விக்டோரியாப் பூங்காவிலே குளிர்காலத்தில் இமயமலைப் பகுதியிலிருந்து பறந்து வரும் காஷ்மீர ஈப்பிடிப்பான் முதலிய சிறு பறவைகளைக் காண்பதற்கென்றே கடல்கடந்து வருவோரும் உண்டு.

செங்கல்லாற் கட்டி 1894 இற் திறக்கப்பட்ட தபாற் கந்தோரைப் படம்பிடிக்காமற் செல்லும் பிரயாணி அரியர். அக்கட்டடத்தை ஹோட்டலுக்காகக் கொடுக்கும் யோசனை எழுந்தபோது, 2023 நவம்பரில் நாடெங்கிலும் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். பழைய கட்டடம் அழகாக இருக்கிறது என்பதற்காகவே அதிற் பணிபுரிவோர் வெளியேற வேண்டுமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

ஏப்ரல் மாதம் நுவரெலியாவின் திருவிழாக் காலம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி மலர்க்கண்காட்சியும், குதிரைப் பந்தயமும், மோட்டார் வண்டிப் போட்டியும் நடைபெறும். அறை வாடகை இருமடங்காகும். வாவியைச் சுற்றியுள்ள வீதியில் வாகனங்கள் நகரமாட்டா. குளிரையும் அமைதியையும் நாடி வருவோர் ஏப்ரலைத் தவிர்த்துப் பெப்ரவரியிலோ மார்ச்சிலோ வருவதே நன்று. மார்ச்சில் வருவார்க்குக் கிடைக்கும் வேறொரு பேற்றைப் பின்னர்க் காணலாம்.

இங்கு வருவோரெல்லாம் கொண்டுசெல்லும் படம் ஒன்றே. மலைச்சரிவிலே பச்சைக் கம்பளம் விரித்ததுபோன்ற தேயிலை. நடுவே கூடை சுமந்த பெண்கள். "இயற்கை எவ்வளவு அழகாக இருக்கிறது!" என்று அவர்கள் சொல்வது வழக்கம். ஆனால், அந்தப் பச்சை இயற்கை தந்ததன்று. நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கே இருந்தது இருண்ட மலைக்காடு. முதலிற் கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்டது. 1869 இல் இலையிலே செம்மஞ்சட் பூஞ்சணம் கண்டது. அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளிற் கோப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரில் நட்டிருந்த தேயிலையே பிறகு மலைநாடு முழுவதும் பரவியது. பழைய காடு எவ்வாறிருந்தது என்று அறிய விரும்புவோர் ஹோட்டன் சமவெளிக்குச் செல்லவேண்டும். 2010 இல் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அது. அங்கே உலகமுடிவு என்னும் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நின்றால், ஏறக்குறைய மூவாயிரம் அடிப் பள்ளம் காலடியிலே திறக்கின்றது. காலை பத்து மணிக்குள் அங்கே செல்லாதவருக்கு வெண்மூடுபனியே காட்சி.

தேயிலை இயல்பாக வளரவிட்டால் முப்பது அடி உயரமுள்ள மரமாகும் செடி. அதனை இடுப்பளவிலே நிறுத்தி, மேசைபோல் மட்டமாக வைத்திருப்பது மனிதர் கை. ஏழு முதற் பத்து நாட்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு செடியிலும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளப்படுகின்றன. மட்டம் பிசகாதிருக்கச் செடியின்மேற் கோலை வைத்துப் பார்த்துக் கிள்ளுவார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். அப்போது மலை மொட்டையாகி, குச்சியும் தண்டுமாய் நிற்கும். அம்மலையை எவரும் படம்பிடிப்பதில்லை. ஒரு மலையிலே ஒரு மாதம் எவரும் கொழுந்தெடுக்காவிட்டால், அந்தக் கம்பளம் கலைந்து காடாகத் தொடங்கும். 2019 இன் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும், 2020 இன் நோய்த்தொற்றுக் காலத்திலும், 2022 இல் எரிபொருளின்றி நாடு தவித்தபோதும் நுவரெலியாவின் ஹோட்டல்கள் வெறிச்சோடிக் கிடந்தன. ஊரடங்குச் சட்டம் இருந்தபொழுதும் தோட்டங்களிற் கொழுந்து எடுப்பது நிற்கவில்லை. ஆதலால், பிரயாணிகள் மீண்டும் வந்தபோது மலை பழையபடியே பச்சையாக அவர்களை வரவேற்றது.

இவ்வேலையின் ஒழுங்கு வருமாறு. விடியுமுன் பெண்கள் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவார்கள். கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, பெரட்டுக்களத்திலே பெயர் கொடுத்து, கங்காணி காட்டும் மலைக்கு ஏறுவார்கள். இடுப்பிலே படங்கு, தலையிலிருந்து முதுகுக்குத் தொங்கும் கூடை, மழைநாளிற் கம்பளி. கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்பொழுது கூடைக்கும் ஈரத்திற்குமென ஒரு பங்கைக் கழித்தே பதிவது நெடுங்கால வழக்கம். அதைப்பற்றிய முறைப்பாடும் நெடுங்காலத்தது. பல தோட்டங்களிற் பதினெட்டுக் கிலோ எடுத்தாலன்றி முழுநாட் சம்பளம் இல்லை. நாலரைக் கிலோ அளவான பச்சைக் கொழுந்து ஒரு கிலோத் தேயிலையாகும். தொழிற்சாலையின் மேல்மாடிகளிலே இரவெல்லாம் கொழுந்து வாடும். அம்மாடிகளுக்குக் காற்று வேண்டியே தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு அத்தனை சன்னல்கள். பிறகு உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி, சலித்துப் பிரிப்பார்கள். பின்னிரவில் தொழிற்சாலையைக் கடந்து செல்பவரின் மூக்கில் ஏறும் மணம் வேறெங்கும் இல்லாதது. பார்வையாளருக்கு இவற்றைச் சுற்றிக் காட்டி, முடிவில் ஒரு கோப்பை தேநீர் கொடுக்கும் தொழிற்சாலைகள் பல உள்ளன, அவற்றைத் தவறவிடலாகாது.

தோட்டங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு செல்வதும் ஒரு பொழுதுபோக்கு. எடின்பரோ, ஹோலிரூட், டன்சினன், பல்மோரல், ஸ்ட்ராத்ஸ்பே என ஸ்கொட்லாந்து நாடே பெயர்ந்து வந்து இம்மலைகளிற் குடியேறியதுபோல் தோன்றும். அட்டன் என்பதே ஸ்கொட்லாந்திலுள்ள ஒரு சிற்றூரின் பெயர்தான். ஆனால், பல தோட்டங்களுக்குத் தொழிலாளர் தாமாகவே இட்டு வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்று உண்டு. தோட்டத்தை முதலில் திறந்த துரையின் பெயரோ, மலையின் வடிவமோ, பழைய கங்காணி ஒருவரின் பெயரோ அதற்கு மூலமாக இருக்கும். அப்பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. வழியில் ஒரு பெரியவரை மரியாதையோடு கேட்டால் சொல்வார்.

இத்தொழிலாளரின் முன்னோர் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். அவர்கள் வெட்டிய வீதியிலேதான் இன்று வாகனங்கள் செல்கின்றன. அவர்கள் குடைந்த சுரங்கத்திலேதான் புகையிரதம் புகுகின்றது. நாடு 1948 இற் சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டிலேயே வந்த பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். நானுஓயா, அட்டன் நிலையங்களிலே பிரிந்து சென்றவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டியழுத காட்சியை முதியோர் இன்னும் மறக்கவில்லை. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003 இன் சட்டத்தினாலேயே தீர்ந்தது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நுவரெலியா மாவட்டத்து மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இவர்களே. 2023 இல், முன்னோர் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் மீண்டும் அவ்வழியே நடந்தார்கள்.

தமிழறிந்த பிரயாணிக்கு இம்மலைநாடு மற்றவர்க்குக் கிடையாத பலவற்றைக் காட்டும். அட்டன் நகரம் கோ. நடேசய்யர் வாழ்ந்து பணிசெய்த இடம். தோட்டங்களுக்குள் வெளியார் நுழையத் தடையிருந்த காலத்தில், புடைவை வியாபாரிபோல் வேடந்தாங்கி நுழைந்து தொழிலாளரின் நிலையை அறிந்தவர் அவர். 1931 இல் அவர் அமைத்த தொழிலாளர் சங்கத்தின் மேடைகளிலே அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பாட்டுப்பாடிக் கூட்டத்தைத் திரட்டினார். வட்டக்கொடையை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914 இற் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947 இல் தலவாக்கொல்லைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான இவர், தோட்டத்து மக்களின் வாழ்வை ஆங்கிலக் கவிதையாக எழுதி உலகுக்குக் காட்டியதோடு, அவர்களுடைய நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்தும் வைத்தார்.

மார்ச்சில் வருவார்க்குக் கிடைக்கும் பேறு என மேலே குறித்தது காமன் கூத்து. மாசி மாதத்து வளர்பிறையிலே காமனை ஊன்றி, இரதியும் மன்மதனுமாக வேடம் புனைந்து, தப்பு முழங்க இரவிரவாக ஆடுவார்கள். மன்மதன் எரியும் இரவில் தோட்டமே திரண்டு நிற்கும். பகலெல்லாம் மலையேறிய களைப்பு எங்கே போயிற்று என்று தெரியாது. இதற்கு நுழைவுச் சீட்டு இல்லை, விளம்பரமும் இல்லை. ஹோட்டல்களின் நிகழ்ச்சிப் பட்டியலிலும் இதனைக் காண்பது அரிது. பிள்ளைமடுவத்திலோ கோயிலடியிலோ விசாரித்து, அழைப்போடு செல்லவேண்டும். செல்வோர் புகைப்படக் கருவியைச் சற்றே பைக்குள் வைத்திருப்பது நாகரிகம்.

அட்டனிலிருந்து மஸ்கெலியா வழியே சென்றாற் சிவனொளிபாதமலை. மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை இரவெல்லாம் விளக்கெரியும் படிகளிலே பௌத்தரும் இந்துக்களும் ஒருங்கே ஏறுவார்கள். சூரியன் உதிக்கும்போது மலையின் நிழல் முக்கோண வடிவில் மேற்கே மூடுபனியின்மேல் விழுவதைக் காண்பதே ஏறியதன் பயன். வழியிலே மவுசாக்கலை நீர்த்தேக்கம் உள்ளது. 1969 இல் அது நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கியது. வறட்சியில் நீர் வற்றும்போது, மூழ்கிய பழைய கோயிலின் கற்சுவர்கள் மேலே தோன்றும். அப்போது அக்கம்பக்கத்துத் தோட்டத்தார் சேற்றிலே நடந்து சென்று அங்கே நின்று பார்ப்பார்கள்.

நுவரெலியாவிலிருந்து ஹக்கலைப் பூங்காவுக்குச் செல்லும் வழியில் சீதாஎலிய உள்ளது. அசோகவனம் அதுவே என்பது மக்களின் நம்பிக்கை. அதனை ஆராய்வது இங்கு நோக்கமன்று. ஓடைக்கரையில் நெடுங்காலம் எளிய கோயிலாக இருந்த அதற்கு, 2024 மே மாதத்தில் அயோத்தியின் சரயு நதி நீர் கொணரப்பெற்றுக் குடமுழுக்கு நடந்தது. வட இந்தியாவிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் யாத்திரிகர்கள் இப்போது பேருந்து பேருந்தாக வருகிறார்கள். அருகிலுள்ள ஹக்கலைப் பூங்காவோ 1861 இற் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பட்டது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினாவை அதன் பட்டையிலிருந்து எடுத்தார்கள். ரோஜாவும் பன்னச்செடிகளும் அங்கே பின்னர் வந்த அழகுகள்.

இங்குத் தங்குவதற்கு மிக விரும்பப்படும் இடங்கள் இப்போது தோட்டங்களுக்குள்ளேயே தோன்றியுள்ளன. கந்தப்பளைக்கு மேலே பழைய ஹெதர்செட் தோட்டத்துத் தொழிற்சாலை 1996 இல் ஹோட்டலாயிற்று. கொழுந்து வாடிய மாடிகளே இன்று படுக்கையறைகள். பெரிய யந்திரங்களில் சிலவற்றை அகற்றாமல் வைத்திருக்கிறார்கள். கெடுதல் இல்லாத, அறிவுள்ள மாற்றம் அது. காசல்ரீ நீர்த்தேக்கக் கரையிலே துரைமாரின் பங்களாக்கள் செல்வர்களுக்கான விடுதிகளாகியுள்ளன. அங்கே ஓர் இரவுக்குக் கொடுக்கும் வாடகை, கீழே மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் பல மாதச் சம்பளத்திற்கு ஈடாகலாம். நாட்சம்பளமாக ஆயிரம் ரூபாய் வேண்டும் என்னும் கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 இலேயே நிறைவேறியது. மறு ஆண்டே விலைவாசி ஏறி அதன் பெறுமதியை விழுங்கிவிட்டது.

பங்களாக்களைப்போல் லயங்களும் அக்காலத்தவையே. அவற்றிற் பல நூறாண்டைக் கடந்தவை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு. அதற்குள் ஒரு குடும்பம். பங்களாவின் பழைமைக்குப் பிரயாணி பணம் கொடுக்கிறார். லயத்தின் பழைமைக்கு அதில் வாழ்வோர் விலை கொடுக்கிறார்கள். 2014 அக்டோபரில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுட் புதைந்தன. அதன்பின் ஒரு குடும்பத்திற்கு ஏழு பேர்ச்சுக் காணி கொடுத்துத் தனிவீடு கட்டும் திட்டம் வந்தது. வீடுகள் கட்டப்பட்டன, ஆனால் தேவைக்கு முன் அவை சில. 2025 இன் சூறாவளியில் மீண்டும் மலைகள் சரிந்தபோது, பாதுகாப்பான காணி எங்கே என்னும் பழைய கேள்வியே முன்னின்றது. ஹோட்டல் கட்டுவதற்கு நல்ல நிலம் கிடைக்கும் மலையிலே, வீடு கட்டுவதற்கு நிலம் இல்லை என்பது ஏற்கத்தக்கதன்று.

தோட்டத்து இளைஞர்கள் படித்தபின் மலையில் நிற்பதில்லை. கொழும்பின் கடைகளுக்கும், உணவகங்களுக்கும், மத்திய கிழக்கு நாடுகளுக்கும் போகிறார்கள். தங்கள் பாட்டியார் கொழுந்தெடுத்த மலையைப் பிரயாணிக்கு எடுத்துக்காட்ட அவர்களைவிடத் தகுதியுள்ள வழிகாட்டி யார்? அத்தோட்டத்தின் தமிழ்ப்பெயர், ஒற்றையடிப்பாதை, அட்டை கடிக்கும் ஓடை, காமன் ஊன்றும் திடல் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். விடுதிகளில் அறையைத் துப்புரவு செய்வதற்கும் பெட்டி சுமப்பதற்கும் அவர்களைச் சேர்ப்பவர்கள், வழிகாட்டியாகவும் முகாமையாளராகவும் பயிற்றுவிக்கத் தொடங்கினால், இத்தொழில் இம்மண்ணில் வேர்பிடிக்கும். சில இடங்களில் அது தொடங்கியும் உள்ளது. வீதியோரத்து மலையிலே வண்ணச்சேலை உடுத்து, வெறுங்கூடையோடு நின்று, படம்பிடிப்போரிடம் காசு வாங்கும் முதிய பெண்களைக் குறைகூறுவோர் உண்டு. காலமெல்லாம் கொழுந்தெடுத்தபின் கைக்குக் கிடைத்தது போதாதபோது, முகத்திற்குக் கிடைப்பதை அவர்கள் பெற்றுக்கொள்கிறார்கள்.

நுவரெலியாவில் இரவைக் கழிப்பவர், குளிருக்கு அஞ்சாமல் ஒருமுறை வெளியே வந்து எதிர்மலையை நோக்கவேண்டும். இருளிலே தேயிலை தெரியாது. நேர்கோட்டிலே கோத்ததுபோற் பத்துப் பன்னிரண்டு விளக்குகள் மட்டும் மின்னும். அது ஒரு லயம். அதற்கு மேலே இன்னொரு கோடு. அது வேறொரு லயம். ஒன்பது மணிக்கெல்லாம் அவை அணைந்துவிடும். மீண்டும் அவை எரிவது விடியற்காலை நாலரை மணிக்கு. ஆறு மணிக்குப் புகைக்கூண்டுகளிலிருந்து எழும் விறகுப்புகை மூடுபனியோடு கலக்கும். ஏழரை மணியளவில் கூடைகள் வரிசையாக மலையேறும். அந்த நேரத்திற் பெரும்பாலான ஹோட்டல் அறைகளிற் சன்னல் திரை விலகியிருப்பதில்லை.